அழகம்மாவின் மூக்கு

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கம்மா. தலைக்கு என்ன வச்சீங்க?"

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கும் பெண், ஒன்றுமே வைக்கவில்லை என்கிறார். அழகம்மா கண்களை மூடிக்கொண்டு அவருடைய காதோரத்தில் இன்னொரு தரம் மெல்ல மோந்து பார்க்கிறார்.

"இன்னிக்கு இல்ல. முந்தாநேத்து."

பெண்ணின் கணவர் சிரித்துவிடுகிறார். முந்தாநாள் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வந்தது உண்மை. நெல்லியெண்ணெய் தடவித் தலை பின்னியதும் உண்மை. "போய் ரெண்டு தரம் அலசிட்டு வாங்க. பாத்ரூமுல வாசமில்லாத சவக்காரம் இருக்கு. நீங்க சிரிக்காதீங்க சார், அடுத்து நீங்கதான்," என்கிறார் அழகம்மா. கணவரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. காலையில் முகம் வழித்தபின் பூசிய ஏதோ ஒன்று அவர் கன்னத்தில் இன்னும் மணத்துக்கொண்டிருக்கிறது.

கண்டியில், பேராதனை வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கும் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், பிள்ளையில்லாதவர்களுக்கான சிகிச்சை நிலையம் இருக்கிறது. அங்கே ஆய்வுகூட வாசலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கதிரைதான் அழகம்மாவின் இடம். வேலைக்கு எடுத்தபோது கொடுத்த கடிதத்தில் அவர் துப்புரவுப் பணியாளர். தரை துடைப்பது, பாத்திரங்களை நீராவியில் அவிப்பது, முட்டைகளை உறைய வைத்திருக்கும் டாங்கியில் குளிர்த்திரவம் குறையாமல் பார்ப்பது எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. வாசம் பிடிப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உள்ளே, பெண்களின் உடம்பிலிருந்து எடுத்த முட்டைகளைச் சிறு தட்டுகளில் வைத்து, தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால் தொட்டு வேலை செய்கிறார்கள். உடம்புக்குள் இருக்கும்வரை முட்டைக்கு எத்தனையோ காவல். வெளியே எடுத்துவிட்டால் அதைச் சுற்றி இருப்பது அந்த அறையின் காற்று மட்டும்தான். சென்ட், ஊதுபத்தி, தரைக்குப் பூசும் மெழுகு என்று எது அந்தக் காற்றில் கலந்தாலும் முட்டைக்கு ஆகாது. காற்றை வடிகட்ட ஓர் இயந்திரம் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது. இருந்தாலும், ஆய்வுகூடத்தை நடத்தும் கமலாசனி தன் இயந்திரத்தை நம்புவதைவிட அழகம்மாவை நம்புகிறார். "மெசினுக்கு வந்தபிறகுதான் தெரியும். அழகம்மாவுக்கு ஆள் படியேறேக்கையே தெரியும்," என்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாகக் கண்டியில் இருந்தும் அவருடைய பேச்சு சுண்டிக்குளியை விட்டு வரவில்லை.

இந்த மூக்கு தெல்தோட்டையில் பழகியது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில், பதினாறு வயதில், சலிக்கிற பகுதியில் அழகம்மாவைச் சேர்த்தார்கள். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க விட்டிருக்கும் அறையைக் கடந்து போகும்போதெல்லாம், "இன்னும் பத்து நிமிசம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவாராம். ஒருநாள் அது தேயிலை பதமாவதைக் கவனிக்கும் டீமேக்கரின் காதில் விழுந்தது. அடுப்பில் போடும் நேரத்தை அவர் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துவைத்திருந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகு மழைநாள்களில் மணிக்கூட்டை விட்டுவிட்டு, "அழகம்மா, வந்து மோந்து பாத்துட்டுப் போ," என்று கூப்பிடத் தொடங்கினார்.

எண்பத்து மூன்று கலவரத்தில், அவர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "அந்த வருசம் கீழ எறங்கினோம்," என்பதோடு நிறுத்திக்கொண்டு, கட்டுகஸ்தோட்டையில் வீடு கிடைத்த கதைக்குப் போய்விடுவார். அந்தக் கதை நீளமானது. அதில் ஒரு ஆடு வரும், ஒரு கூரைத் தகடு வரும், கணவர் கறுப்பையா மகாவலியில் வழுக்கி விழுந்து வேட்டியைப் பறிகொடுத்தது வரும். கேட்பவர் சிரித்து முடிப்பதற்குள் தீயை மறந்துபோவார்.

கறுப்பையாவுக்கு ஒரு மனக்குறை உண்டு. பெண்டாட்டி பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை, சாமிப் படத்துக்கு விளக்கோடு சரி. சுருட்டுப் பற்ற வைக்க வேண்டுமானால் மனிதர் ஆற்றங்கரைக்கு நடக்க வேண்டும். "நாப்பத்தெட்டு வயசுல பச்சப் புள்ள மாதிரி ஒளிஞ்சு குடிக்க வச்சிட்டா," என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்வார். அழகம்மாவோ, காலை ஆறு பத்துக்கு வரும் பஸ்ஸில் யன்னலோரமாகத் தலையை வெளியே நீட்டியபடி நின்று வருகிறார். பக்கத்தில் நிற்பவரின் சென்ட் தன் சேலையில் ஏறிவிடக் கூடாதாம். பாலத்துக் காவலரணில் அடையாள அட்டை பார்க்கும் சிப்பாய்களுக்கு அவரைத் தெரியும். எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்கும்போது, அவரிடம் மட்டும் சிங்களத்தில், "அம்மே, இன்றைக்கு நான் எப்படி?" என்று கையை நீட்டுவார்கள். "துவக்கெண்ணெய், வெங்காயம்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார்.

ஆளுக்கு ஏற்ற மாதிரித்தான் கண்டிப்பார். கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் வியாபாரி ஒருவர் வெள்ளிக்கிழமையில் அத்தர் பூசிக்கொண்டு வந்து நின்றார். "ஜும்ஆவுக்குப் போற நாள் உம்மா, பூசாம எப்படி இருக்கிற?" என்று அவர் நியாயம் கேட்டார். அழகம்மா அலுமாரியைத் திறந்து, தானே பச்சைத்தண்ணீரில் துவைத்து வைத்திருக்கும் சட்டைகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். "போறப்ப உங்க சட்டையைப் போட்டுட்டுப் போங்க நானா. பள்ளிக்கு அது. இங்க இது." வியாபாரி அந்தச் சட்டையில், தோள் பிதுங்க, இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை தன் அளவில் தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அலுமாரிக்கென்று கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருடம் பிலோமினா என்பவர் வந்தார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், ஆசிரியை, வயது முப்பத்தொன்பது. கணவர் சூசைநாயகம் கல்வித் திணைக்களத்தில் எழுதுவினைஞர். இவர்களுக்குப் பிள்ளை இல்லாமல் இல்லை. ஸ்டெலா என்று ஏழு வயதில் ஒரு பெண், வாய் ஓயாமல் பேசும் பெண், கூடவே வந்தாள். அவளுக்குத் தலசீமியா. இரத்தம் தானாக ஊறாத நோய். மாதம் ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். தாயிடமும் தகப்பனிடமும் அந்தக் குறை பாதியாக ஒளிந்திருந்தது. இரண்டு பாதியும் ஸ்டெலாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இனி ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கும் அப்படி நேரக் கூடாது என்பதே அவர்கள் கேட்டது.

இதற்கு ஒரு வழி, கருவான பிறகு அதைச் சோதித்து, நோயுள்ளதை ஒதுக்கிவிடுவது. பிலோமினா அதற்குச் சம்மதிக்கவில்லை. "உயிர் வந்தபிறகு இது வேணும், இது வேண்டாம் எண்டு பிரிக்க எனக்கு ஏலாது மிஸ். அதுக்கு முந்தி என்ன செய்யலாமோ செய்யுங்கோ," என்றார் கமலாசனியிடம். அதற்கு முந்தியும் ஒன்று செய்யலாம். முட்டையிலேயே பார்த்துவிடலாம்.

இதைக் கமலாசனி படம் கீறித் தம்பதிக்கு விளக்கியபோது, அழகம்மா பின்னால் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தார். முட்டை முதிரும்போது, தன்னிடம் சோடியாக இருப்பதில் ஒன்றை வெளியே தள்ளிவிடும். பிலோமினாவிடம் அந்தச் சோடியில் ஒன்று நல்லது, மற்றது குறையுள்ளது. தள்ளியது ஒரு சிறு உருண்டையாக முட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டைக்கு அது இனித் தேவையில்லை. அதை எடுத்துச் சோதித்தால் முட்டையைத் தொடாமலே உள்ளே மிஞ்சியது எதுவென்று தெரிந்துவிடும். தாயிடமிருந்து நல்லது மட்டும் வந்தால், தகப்பனிடமிருந்து எது வந்தாலும் பிள்ளைக்கு அந்த நோய் வராது.

சூசைநாயகம் விளங்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழகம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "சலிக்கிற எடத்துல அப்புடித்தாங்க சார்," என்றார். "கழிச்சுக் கொட்டினதுல காம்பும் நாருமா கெடந்தா, பெட்டிக்குள்ள போனது நல்ல தூளு. கழிவுல நல்ல தூளு கெடந்துச்சுன்னா, உள்ள போனது காம்பு. நாங்க தூள பாக்க மாட்டோம். கழிவத்தான் பாப்போம்."

"ஆ," என்றார் சூசைநாயகம். படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழு முட்டைகள் முதிர்ந்து கிடைத்தன. ஏழையும் உறைய வைத்தார்கள். இன்னொரு முறை ஊசி போட்டு முட்டை எடுக்க பிலோமினாவின் உடம்பு தாங்காது என்று பெரிய டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த ஏழுதான். ஏழின் கழிவும் ஏழு சிறு குழாய்களில், ஐஸ் பெட்டிக்குள், சென்னையில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வான் வண்டியில் கொண்டுபோகும் பொறுப்பை அழகம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

நிட்டம்புவைக்கு அப்பால் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். யுத்தம் உச்சத்தில் இருந்த நாள்கள். எந்தப் பெட்டியையும் திறக்காமல் விடுவதில்லை. அழகம்மா பெட்டியை மடியில் அணைத்தபடி கீழே இறங்கினார். திறந்தால் குளிர் போய்விடும், குளிர் போனால் எல்லாம் போய்விடும்.

"என்ன இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய்.

"கழிவு, புத்தே," என்றார் அழகம்மா, மகனிடம் சொல்வதுபோல.

"குப்பைக்கா இவ்வளவு ஐஸ்?"

"ஒரு அம்மாவோட கழிவு. இதைப் பாத்துத்தான் அந்தம்மாவுக்கு நல்ல புள்ள பொறக்குமா இல்லையான்னு சொல்லுவாங்க. உங்கம்மாவுக்கு இந்த வசதி இருக்கலையே, பாவம்," என்றார் அழகம்மா, தன் சந்தைச் சிங்களத்தில். பக்கத்தில் நின்ற மற்ற இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிப்பாயும் சிரித்துவிட்டான். கமலாசனி கொடுத்திருந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, பெட்டியைத் திறக்காமல் வெளியே தட்டிப் பார்த்து, ஏறச் சொன்னான். விமான நிலையம் வரை அழகம்மா வாய் திறக்கவில்லை என்று வான் ஓட்டிய கணபதி சொல்கிறார். அதை அவர் ஒரு அதிசயமாகவே சொல்கிறார்.

பதில் வருவதாக இருந்த நாளிலேயே, நல்ல முட்டைகளை எடுத்து உருக்கிக் கருக்கட்டுவதென்று குறித்திருந்தார்கள். பிலோமினாவுக்கு அதற்கான மாத்திரைகளும் கொடுத்தாகிவிட்டது. கமலாசனி கொழும்புக்குப் போயிருந்தார். காலை ரயிலில் வந்து பத்து மணிக்குள் சேர்ந்துவிடுவதாக ஏற்பாடு. ரம்புக்கனையில் யாரோ விட்டுச்சென்ற ஒரு பொதி குண்டோ என்று ரயிலை நிறுத்திச் சோதித்தார்கள். தம்பதியும் ஸ்டெலாவும் எட்டு மணிக்கே வந்து வரவேற்பில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதரைக்குச் சென்னையின் பதில் ஃபாக்ஸில் வந்தது.

ஆய்வுகூடத்தில் இருந்தவர் அம்பிகைபாகன் என்ற இளம் டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல கெட்டிக்காரர், நல்ல பிள்ளை. ஆனால் அங்கே அவர் பழகியதெல்லாம் கருவைச் சோதிப்பது. கருவிலிருந்து எடுத்த துளி சுத்தமென்றால் அந்தக் கரு சுத்தம். கை அதற்கே பழகியிருந்தது. வந்த தாளை வாய்விட்டு வாசித்தார். ஒன்று, மூன்று, ஆறு: குறை இருக்கிறது. இரண்டு, நான்கு, ஏழு: குறை இல்லை. ஐந்தாவதில் இரண்டும் கலந்து கிடந்தன; அதை நம்ப முடியாது.

"நல்லது," என்று முகம் மலர்ந்தார் அம்பிகைபாகன். "ரெண்டு, நாலு, ஏழு சுத்தம். மிஸ் வரேக்கை ஆயத்தமா இருக்கட்டும். அழகம்மா, டாங்கியைத் திறவுங்கோ."

அழகம்மா டாங்கியின் மூடியில் கை வைத்தார். எடுக்கவில்லை. இடது கைவிரல்களை மடக்கி, விரித்து, மறுபடியும் மடக்கினார்.

"டாக்டரய்யா, சுத்தம்னு போட்டிருக்கிறது வெளிய தள்ளினதத்தானே?"

"ஓம்."

"அப்ப உள்ள இருக்கிறது..."

"அழகம்மா, நேரம் போகுது. டாங்கியைத் திறவுங்கோ, காணும்."

உருக்கிய முட்டையைத் திரும்பவும் உறைய வைப்பது நடவாத காரியம். அது அழகம்மாவுக்குத் தெரியும். படித்த டாக்டரிடம் பிழை என்று எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு அதிகாரம்.

கிட்டே போய் மூச்சை இழுத்தார். "அய்யா, உங்க மேல சென்ட் அடிக்குது."

அம்பிகைபாகன் திகைத்துப்போய்த் தன் தோளை மோந்து பார்த்தார். "என்னிலயோ? நான் ஒண்டும் பூசேல்லையே."

"அடிக்குதுங்கய்யா. டாங்கிய தொறக்க ஏலாது."

அந்த விதியை அங்கே யாரும் மீறுவதில்லை. அம்பிகைபாகன் குளியலறைக்குப் போனார். அழகம்மா வெளியே வந்து, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், அங்கிருந்த தொலைபேசியில் கமலாசனியின் கைப்பேசிக்கு அடிக்கச் சொன்னார். கிடைக்கவில்லை. ரயில் கடுகண்ணாவைச் சுரங்கங்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஈரத்தலையோடு வந்தார். அழகம்மா மோந்து பார்த்தார். "இன்னும் இருக்குங்கய்யா. சட்டையில." டாக்டர் அலுமாரிச் சட்டையோடு திரும்பிப் போனார். மறுபடி அடித்தார்கள். மணி அடித்து அறுந்தது. டாக்டர் வந்தார். "காதுக்குப் பின்னாலயா இருக்கும்," என்றார் அழகம்மா.

"அம்மா, டொக்டர் மாமா மூண்டாந்தரம் குளிக்கிறார்," என்று வாங்கிலிருந்து அறிவித்தாள் ஸ்டெலா.

"சும்மா இரடி," என்றார் பிலோமினா. அவர் கண் அழகம்மாவின் கையை விட்டு விலகவில்லை. துடைப்பம் பிடித்துக் காய்த்த அந்தக் கை ரிசீவரை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது.

நான்காம் முறை எடுபட்டது. ரயில் இரைச்சலுக்கு நடுவே கமலாசனியின் குரல். அழகம்மா தாளில் இருந்ததையும் டாக்டர் எடுக்கச் சொன்ன இலக்கங்களையும் சொன்னார். கமலாசனி அவற்றை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "ஆரும் டாங்கியில கைவைக்கக் கூடாது. ஒண்டு, மூண்டு, ஆறு. விளங்குதோ? ஒண்டு, மூண்டு, ஆறு. டொக்டரிட்டைக் குடுங்கோ."

தோலெல்லாம் சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அம்பிகைபாகனிடம் அழகம்மா ரிசீவரை நீட்டினார். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். ஓம் என்றார். பிறகும் ஓம் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு அழகம்மாவின் பிளாஸ்டிக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"என்னில மணக்கேல்லைத்தானே?"

"இல்லீங்கய்யா. மொதல்ல இருந்தே பச்சத்தண்ணி மாதிரித்தான் இருந்தீங்க."

டாக்டர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று அழகம்மா பயந்துபோனார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வாங்குக்குப் போய், பிலோமினாவிடமும் சூசைநாயகத்திடமும் என்ன பிழை விடப் பார்த்தார் என்பதை ஒளிக்காமல் சொன்னார். சூசைநாயகம் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த படத்தை எடுத்து விரித்து, "காம்பு, தூள்," என்று முணுமுணுத்துப் பார்த்து, தலையாட்டினார்.

மூன்று முட்டைகளில் ஒன்று உருக்கும்போது தாங்கவில்லை. இரண்டு கருவாயின. இரண்டையும் பிலோமினாவின் வயிற்றிலேயே வைத்தார்கள், எதையும் ஒதுக்கவில்லை. ஒன்று தங்கியது. மாதங்கள் போயின. பிள்ளை பெரியாஸ்பத்திரியில் பிறந்தது, பெண். அழகம்மா போய்ப் பார்த்தார். ஆனால் எல்லாரும் இன்னொன்றுக்காகக் காத்திருந்தார்கள். குழந்தையின் இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பதில் வரும்வரை பிலோமினா குழந்தைக்குப் பேர் வைக்க மாட்டேன் என்றிருந்தார். கமலாசனி ஒவ்வொரு நாளும் ஃபாக்ஸ் இயந்திரத்தை எட்டிப் பார்ப்பார். அம்பிகைபாகன் பார்க்காத மாதிரிப் பார்ப்பார்.

பதில் வீட்டுக்கே போய்விட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை பதினொரு மணியிருக்கும். ஆய்வுகூடத்துக்குள் கமலாசனியும் அம்பிகைபாகனும் வேறொரு பெண்ணின் முட்டைகளோடு வேலையாக இருந்தார்கள். அந்த நேரத்தில் கதவைத் திறக்க யாருக்கும் அனுமதியில்லை. தொலைபேசி அடித்தது. மேசையில் யாரும் இல்லை. அழகம்மா எடுத்தார்.

"அழகம்மாக்காவோ?" சூசைநாயகத்தின் குரல். அவர் மேலே சொல்வதற்குள், பின்னால் ஸ்டெலா கத்துவது கேட்டது: "தங்கச்சிக்கு என்ரை வருத்தம் இல்லையாம். தங்கச்சிக்கு ஊசி இல்லையாம். அவவுக்கு ஒண்டுமே இல்லையாம்." அதற்கும் பின்னால், இத்தனை சத்தத்தில் தூக்கம் கலைந்த குழந்தை ஒன்று வீரிட்டு அழத் தொடங்கியது. நல்ல பலமான அழுகை.

"வச்சிராதீங்க சார்," என்றார் அழகம்மா. "அப்புடியே புடிங்க. புள்ளகிட்ட புடிங்க."

ரிசீவரின் சுருள் கம்பியை நீட்டக்கூடிய மட்டும் நீட்டிக்கொண்டு நடந்தார். ஆய்வுகூடக் கதவில், உள்ளே பார்ப்பதற்கென்று விட்டிருக்கும் சிறு கண்ணாடிக்குக் கம்பி போதவில்லை. திரும்பி வந்து, தொலைபேசியையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். உள்ளே குனிந்திருந்த இரண்டு தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன. அழகம்மா கதவோடு சாய்ந்துகொண்டார். அழுதுகொண்டிருந்த ரிசீவரைக் கண்ணாடியில் வைத்து, நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.